மணமேடையில் முட்டையிட்ட கோழிகள்

“மனுசங்களுக்கே எடம் பத்தல. இதுல கோழிய வேற கொண்டாந்து நிறுத்திகினு... இன்னாம்மா இது?”

கல்யாண மண்டபத்து வாசலில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார் தணிகாசலம். மண்டபத்துக்கு அவர்தான் மேனேஜர். முகூர்த்த நாளில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பல் தெரியச் சிரித்தபடி நிற்கிறவர். அன்றைக்குச் சிரிப்பு இல்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் பள்ளத்துத் தெரு மொத்தமும் வெள்ளத்துக்கு ஒதுங்கி, பாயும் பாத்திரமுமாக உட்கார்ந்திருந்தது.

என் தலையில் மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி. இடுப்பில் ஒரு கூடைக் குஞ்சுகள். பின்னால் டிராக்டர் டிப்பரில், தக்காளி ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேடுகளுக்குள், என் பல வருஷத்து உழைப்பு நனைந்துகொண்டிருந்தது. நாற்பது சொச்சம் கோழிகள், நாலு சேவல்கள்.

“கொத்தாதுங்க. சண்டை போடாது. நான் பொறுப்பு.”

“சேவல் சண்டை போடாதா? யார்கிட்டம்மா கத வுடுற?”

உள்ளே யாரோ சிரித்தார்கள். ஈரக் கோழி இறகுக்கு ஒரு வாடை உண்டு. நனைந்த கம்பளியும் தவிடும் சேர்ந்தாற்போல இருக்கும். அந்த வாடை காற்றில் மண்டபத்துக்குள் போக, முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

தணிகாசலம் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் ஊரில் சேவல் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததில் என் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு.

பாதாம் தின்ற சேவல்

போன வாரம் தையல் மெஷின் வாங்கிய கதையைப் படித்தவர்களுக்கு என் வீட்டுக்காரர் சேகரைக் கொஞ்சம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும். கல்யாணமாகி வடக்கனந்தலுக்கு வந்த புதிதில், மாடத்தில் ஒரு டப்பா நிறையப் பாதாம் பருப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். வசதியான இடத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பாதாம் சேவலுக்கு.

சண்டைக்கு வளர்க்கிற சேவல்கள். அவர் அப்பா காலத்துப் பழக்கம். கீரி, மயில், வல்லூறு என்று நிறத்தைச் சொல்லித்தான் அவற்றைப் பேசுவார். காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, சேவலின் கண்ணைப் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு. இரண்டைச் சேர்த்து விட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

நானோ வீட்டிலேயே தைக்கிறவள். அளவு கொடுக்கப் பெண்கள் வர வேண்டும், வந்து ஐந்து நிமிஷம் நிம்மதியாக நிற்க வேண்டும். ஒருநாள் நிச்சயதார்த்தத்துக்கு ஜாக்கெட் தைக்க வந்த பெண்ணை ஒரு கீரிச்சேவல் துரத்தியது. அவள் செருப்பை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏறிக்கொண்டாள்.

“அக்கா, ஜாக்கெட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். என்ன எறக்கி வுட்டா போதும்!”

சேகர் கூண்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ஆளை ஒண்ணும் பண்ணாது. வெளையாடுது.”

அந்தப் பெண் அப்புறம் வரவே இல்லை. அவளுக்குத் தெரிந்தவர்களும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். “நான் தனியா கோழி வளக்கப் போறேங்க. ஆளப் பாத்தா ஒதுங்கிப் போற சேவல். முட்டையும் வெக்கணும், கறிக்கும் ஆவணும்.”

அவருக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“அதுக்குப் பேரு கோழி இல்ல விஜயா. கத்திரிக்கா.”

மலையேறிய ஜாக்கெட்

சொல்லிவிட்டேனே தவிர, அப்படி ஒரு கோழி எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது.

சேகரின் பெரிய ஜாதிப் பெட்டைகளில் கறி உண்டு. ஆனால் முட்டை கம்மி. அடை வைத்தாலும் கனத்த உடம்போடு ஏறி மிதித்துப் பாதி முட்டையை உடைத்துவிடும். கடையில் விற்கிற பண்ணைக் குஞ்சு நன்றாக முட்டை வைக்கும், அடைக்கு உட்காராது. தீர்ந்தால் மறுபடி கடைக்கு ஓட வேண்டும்.

வழி ஒரு கல்யாணத்தால் திறந்தது. கல்வராயன் மலையிலிருந்து அலமேலு என்ற பெண்மணி, என் வயதுதான் இருக்கும், மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார். வாங்கிப்போக ஆள் வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவுக்கும் என் வயிறு ஒரு பக்கம் சாய்ந்தது. அதை விரிவாக எழுத வேண்டாம்.

அலமேலு வீட்டு வாசலில் கல்யாணக் கூட்டம். சாமை குத்துகிறார்கள், பந்தல் போடுகிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். நடுவில் ஒரு சிவப்புச் சேவல். ஓடி வந்த ஒரு பொடிசு அதன் வாலை மிதித்தது. சேவல் ஒரு எட்டுத் தள்ளி நின்று, இறகை உதறிவிட்டு, மறுபடி மேயத் தொடங்கியது. அவ்வளவுதான்.

நான் ஜாக்கெட்டைக் கொடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா அப்பிடி பாக்குற?” என்றார் அலமேலு.

“இந்தச் சேவலுக்குக் கோவமே வராதா?”

“கோவம் வர்றத நாங்க வெச்சிக்கிறது இல்ல. வூட்ல கொழந்த குட்டி தவழுது. மேல பாஞ்சா மொத பண்டிகைக்கே கொழம்பு. மாமியார் அப்பிடித்தான் பண்ணுவாங்க, நானும் அப்பிடித்தான்.”

கோபக்காரன் குழம்புக்கு. பொறுமைசாலி வம்சத்துக்கு. யாரும் பெயர் வைக்காமலே அந்த வாசலில் எத்தனையோ தலைமுறையாக அது நடந்து வந்திருக்கிறது.

எனக்கு அந்தச் சேவல் வேண்டும் என்றேன். அலமேலு லேசில் கொடுக்கவில்லை. ஆள் கெட்டி. “எங்க கோழி நல்லா முட்ட வெக்கிது. ஆனா ஒடம்பு உள்ளங்கை அகலம். வந்த சம்பந்திக்கு ஒரு கோழி அடிச்சா ஒரு வாய்க்குக் காணல. உங்க ஊட்டுக்காரரு பெரிய ஜாதி வெச்சிக்கிறாராமே? ரெண்டு பொட்ட கொண்டா. சேவல எடுத்துக்கினு போ.”

அடுத்த மாதமே இரண்டு பெட்டைகளோடு ஏறினேன். சேகரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். “முட்ட வெக்காத மூதேவிங்க, எடுத்துக்கினு போ” என்று சொல்லியிருந்தார்.

திரும்பும்போது சிவப்புச் சேவல் என் மடியில், துணிப்பைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். “கொத்துமா?” என்றார். “உங்கள ஒண்ணும் பண்ணாதுங்க” என்று சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாந்தி எடுத்தேன். சேவல் அசையவே இல்லை. மலை இறங்கும் வரை எங்கள் இருவரில் அதுதான் மரியாதையாகப் பயணம் செய்தது.

வாசலில் அதைப் பார்த்ததும் சேகர் வைத்த பெயர்: சாமியார்.

செல்லம் கூடாது

அப்புறம் வந்த வருஷங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நடுவே ஒரு படல் போட்டு வாசலைப் பிரித்தோம். அந்தப் பக்கம் அவருடைய ஜமா, இந்தப் பக்கம் என்னுடையது. அவருடைய பெரிய பெட்டைகளுக்கும் சாமியாருக்கும் பிறந்த குஞ்சுகள் என் முதல் மூலதனம். அவற்றை மலைக்கோழிகளோடு மறுபடி சேர்த்தேன். அலமேலு மேலே அதையே செய்தார். சாமியாரை மட்டும் விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை சேவல்களை மாற்றிக்கொண்டோம், ரத்தம் நெருங்கிவிடக் கூடாது என்று. போனில் பேசினால் எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கடைசியில்தான் விசாரிப்போம்.

ஜாக்கெட் வெட்டிய துண்டுத்துணியில் நாடா கிழித்துக் கோழிகளின் காலில் கட்டினேன். நன்றாக முட்டை வைத்து, அடையில் கை விட்டாலும் கொத்தாமல் இருந்தால் பச்சை. சீறினால் சிவப்பு. சேவல்களுக்குச் சோதனை வேறு. பளபளப்பான புடவை கட்டிக்கொண்டு, ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் படபடக்கிற பிளாஸ்டிக் பையோடு நடுவில் நடப்பேன். தெருவில் போகிறவர்கள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். ஒதுங்கிப் போன சேவல் தப்பித்தது. எகிறி வந்ததற்குச் சிவப்பு நாடா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிளகுக் குழம்பு.

நடுவில் ஒரு தடவை சறுக்கினேன். ஒரு குஞ்சு அழகாக இருக்கிறதே என்று எந்நேரமும் கையில் வைத்துக் கொஞ்சினேன். தையல் மெஷின் மேலேயே தூங்கும். காலில் முள் முளைத்ததும் அதுதான் முதலில் என் கெண்டைக்காலைக் கிழித்தது. மனிதர் மேல் பயமே இல்லாமல் வளர்ந்த சேவல், என்னையும் இன்னொரு சேவலாக எண்ணிவிட்டது. அன்றிலிருந்து தீனி போடுவேன், தண்ணீர் வைப்பேன், செல்லம் கிடையாது. சாது குணம் பிறப்பில் இருக்க வேண்டும், கொஞ்சலில் வரக் கூடாது.

நாலைந்து தலைமுறை தாண்டியதும் வாசலே மாறிப்போனது. கோழிகள் கனத்தன. முட்டை வைத்தன, அடை உட்கார்ந்தன, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மரவள்ளிக் கொல்லையில் மேய்ந்தன. அளவு கொடுக்க வந்த பெண்கள் கோழிகளுக்கு நடுவே நின்று போன் பார்த்தார்கள்.

சேகர் மட்டும் மாறவில்லை. “சேவல்னா ரோஷம் இருக்கணும். உன்னுது சாமியார் மடம்,” என்பார். படலுக்கு அந்தப் பக்கம் அவருடைய புதுப் பெருமை வளர்ந்துகொண்டிருந்தது. கறுத்த கழுத்தும் பித்தளை நிற முதுகுமாக ஒரு சேவல். பெயர் மிலிட்டரி.

தண்ணீர் வந்த காலை

அது கார்த்திகை மாதம். மலையில் விடாத மழை. மரவள்ளிக் கொல்லைக்குப் பின்னால் ஓடுகிற ஓடை, மற்ற நாளில் பிள்ளைகள் தாண்டி விளையாடுகிற ஓடை, விடிந்தபோது கொல்லைக்குள் இருந்தது. பழுப்புத் தண்ணீர், மேலே மக்காச்சோளத் தட்டை மிதந்து வந்தது. சத்தமே இல்லாமல் வந்ததுதான் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஏழுமலை டிராக்டரைத் தெருமுனைக்குக் கொண்டுவந்துவிட்டார். “அக்கா, துணிமணி எடுத்துக்கினு ஏறுங்க. மண்டபத்துல எறக்கி வுட்டுர்றேன்.”

“கோழி?”

“சீக்கிரம் புடிக்க முடிஞ்சா புடிங்க. நான் நிக்கிறேன்.”

கூண்டைத் திறந்து “ப்பா... ப்பா...” என்றேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எட்டி எட்டி எடுத்தேன். ஒவ்வொன்றும் மடித்த துணி மாதிரி கைக்கு வந்தது. ஒன்றுகூடச் சிறகடிக்கவில்லை, ஒன்றுகூடக் கத்தவில்லை. ஏழுமலை கிரேடை நீட்ட நீட்ட நான் வைத்துக்கொண்டே இருந்தேன். சாமியார் தானே சுவரில் ஏறி நின்று, அவன் முறை வரும் வரை காத்திருந்தான்.

படலுக்கு அந்தப் பக்கம் வேறு கதை. ஐந்து கூண்டுகள். சேகர் ஒன்றைத் திறந்து பிடிப்பதற்குள் அது இன்னொரு கூண்டின் மேல் பாய்ந்தது. உள்ளே இருந்தது கம்பியை முட்டி வெளியே வந்தது. தண்ணீரிலும் சண்டை. பிரிக்கப் போன கை கிழிந்தது. இரண்டு, ஒன்றையொன்று கொத்தியபடியே ஓடைப் பக்கம் போய்விட்டன. மற்ற இரண்டும் மிரண்டு மரவள்ளிக்குள் ஓடி, கண்ணுக்குத் தெரியாமல் போயின. மிலிட்டரியை மட்டும் சட்டையில் சுற்றிப் பிடித்தார்.

டிப்பரில் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தார். கையில் ரத்தம். என் கிரேடுகளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷப் பேச்சில் நான் ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு அப்போது ஒரு துளிகூட இல்லை.

மாப்பிள்ளை நாற்காலி

இனி மண்டபத்து வாசலுக்கு வருகிறேன். தணிகாசலம் கையை இறக்கவில்லை.

நான் கிரேடைத் திறந்தேன். சாமியாரைத் தூக்கினேன். “இந்தாங்க, புடிங்க” என்று அவர் விரித்த கைகளுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

மனிதர் சிலையாகிவிட்டார். கீழே போட்டால் பறக்கும், பிடித்தால் கொத்தும் என்ற பயத்தில் மூச்சைக் கூட விடவில்லை. சாமியார் அவர் முழங்கை மடிப்பில் காலை மடக்கி உட்கார்ந்தான். நனைந்த கழுத்தை அவர் சட்டையில் இரண்டு தடவை துடைத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

மண்டபமே சிரித்தது. மூக்கைப் பொத்திய அம்மாவும் சிரித்தார்.

“சரி சரி,” என்றார் தணிகாசலம், உதட்டை அசைக்காமல். “மேடை மேல வெச்சிக்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். எதுனா யார் மேலயாவது பாஞ்சுது, அத்தினியும் வெளிய தள்ளிடுவேன்.”

அப்படித்தான் என் கோழிகள் மணமேடை ஏறின. பிளாஸ்டிக் பூ அலங்காரத்துக்கு அடியில் பெட்டைகள் வரிசையாக அடைந்தன. மணப்பெண் நாற்காலியில் ஒரு தாய்க்கோழி குஞ்சுகளோடு இடம்பிடித்தது. மாப்பிள்ளை நாற்காலியின் முதுகில் சாமியார். கீழே இருந்து பிள்ளைகள் போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

மறுநாள் காலை பால் வண்டி வரவில்லை. சாலையை எங்கோ தண்ணீர் அறுத்துவிட்டதாம். அரிசி இருந்தது, வேறு எதுவும் இல்லை. நான் தீனி போட மேடை ஏறினேன். திரைச்சீலைக்குப் பின்னால் முட்டை. குத்துவிளக்கு வைக்கிற மூலையில் முட்டை. மணப்பெண் நாற்காலிக்கு அடியில், பழைய மாலையின் நார்களுக்கு நடுவே, சூடு ஆறாத முட்டைகள்.

முந்தானையில் அள்ளிக்கொண்டு படி இறங்கினேன். பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் என்று அவித்தோம். முட்டை உரிக்கிற வாசனை கூடம் முழுக்கப் பரவியபோது தணிகாசலம் எட்டிப் பார்த்தார். “மொய் வெச்சிட்டாங்க போலக்குது” என்றார்.

அவர் எடுத்த முடிவு

அன்று பிற்பகல்தான் அது நடந்தது.

மிலிட்டரியைச் சேகர் பந்திக்கூடத்து ஜன்னல் கம்பியில் காலைக் கட்டி வைத்திருந்தார். கயிறு நனைந்து இற்றுப்போயிருக்க வேண்டும். சாமியார் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து ஒரு கூவல் விட்டான். மறு நொடி, சாப்பிட்டுப் படுத்திருந்தவர்களின் தலைக்கு மேலே பித்தளை நிறமாக ஏதோ பறந்தது.

மேடையில் இறகு பறந்தது. சாமியார் எதிர்த்து நிற்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினான். மிலிட்டரி விடவில்லை. குழந்தைகள் அலறின. விலக்கிவிட ஓடி வந்த தணிகாசலத்தின் முன்னங்கையில் முள் இறங்கியது. ரத்தத்தைப் பார்த்ததும் அவர் கத்தினார்.

“நான் சொன்னனா இல்லியா? எல்லாத்தையும் வெளிய தள்ளுங்க! இப்பவே!”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கிரேடைத் தூக்க எழுந்தார்கள். நான் மேடையின் குறுக்கே நின்றேன். ‘அது என்னுடையது இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புருஷனைக் காட்டிக்கொடுக்க நாக்கு எழவில்லை.

சேகர் மேடையேறி மிலிட்டரியைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“அண்ணே, இது ஒண்ணு என்னுது,” என்றார். எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். “மத்தது அத்தினியும் என் வூட்டுக்காரியுது. நீங்களே பாத்துகினுதான இருந்தீங்க? ரெண்டு நாளா அதுங்க யாரைத் தொட்டுதுங்க? அதுங்கள வெளிய வுடாதீங்க. இத நான் பாத்துக்கிறேன்.”

அதன் கழுத்தை ஒருமுறை தடவினார். பிறகு பின்பக்கம் சமையல்கட்டுக்கு நடந்தார்.

நானும் பின்னால் போனேன். “ஏங்க, வேணாம். வெளிய எங்கனா கட்டிப்போடலாம்.”

“எங்க கட்டறது? தண்ணியிலயா?” என்றார், திரும்பாமல். “நேத்து காலையில நாலு போச்சு. இது ஒண்ணாவது நாலு பேருக்கு ஒதவட்டும். நீ உள்ள போ.”

ஒரு சேவலில் அத்தனை பேருக்குக் குழம்பு வராது. என் நாலில் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தணிகாசலம் கட்டுப்போட்ட கையோடு தானே மிளகு தட்டினார். சாயங்காலம் மண்டபத்துப் பெரிய அண்டாவில் குழம்பு கொதித்தது. என் சேவல்கள் பஞ்சாக வெந்துவிட்டன. மிலிட்டரியின் கறி மட்டும் வேகவே இல்லை. “செத்தும் பல்லோட சண்டை போடுதுப்பா” என்று ஏழுமலை சொன்னபோது சேகரே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரம் என்றார்.

மறுநாள் காலை முழுக்க மேடை விளிம்பில் உட்கார்ந்து என் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டையைத் தூக்கி எடை பார்த்தார், மார்பு எலும்பைத் தடவிப் பார்த்தார். சேவல் பார்க்கிற அதே கண்.

“கறி நல்லா வெச்சிருக்குதே,” என்றார். பிறகு, “இந்தப் பச்சை நாடா இன்னாத்துக்கு?”

இத்தனை வருஷத்தில் என் கோழிகளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. மேடைப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளிமலையிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன்.

மெயின் ரோடு

தண்ணீர் வடிந்த அன்று வெயில் அடித்தது. ஏழுமலையின் டிராக்டர் யாரோ ஒருவரின் நெல் மூட்டையை மீட்கப் போயிருந்தது. மண்டபத்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் மெயின் ரோடுதான். நடத்தியே கூட்டிப் போய்விடலாம் என்றேன்.

தணிகாசலம் வாசல் வரை வந்தார். “அடை வெச்சா சொல்லும்மா. எனக்கு ஒரு ஜோடி.” பின்னாலேயே மூக்கைப் பொத்திய அம்மா. “எனக்கு நாலு குஞ்சு. பேத்தி வூட்ல கேட்டுகினே இருக்கா.” நான் பதில் சொல்வதற்குள் சேகர் குறுக்கே புகுந்தார். “எல்லாருக்கும் உண்டுங்க. ஆனா வரிசையா வரணும். இந்த ஜாதி வேற எங்கியும் கெடைக்காது, மலை ஏறிப் போயி கொண்டாந்தது.” வாந்தி எடுத்துக்கொண்டே கொண்டுவந்தவள் பக்கத்தில் நிற்கிறாள் என்பதை மறந்தே போனார்.

குஞ்சுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மக்காச்சோளத்தை மடியில் கட்டிக்கொண்டு, “ப்பா... ப்பா...” என்று நான் முன்னால் நடந்தேன். மண்டபத்துப் படியிலிருந்து கோழிகள் ஒவ்வொன்றாக இறங்கின. சேகர் நடுரோட்டில் போய் நின்று கையை உயர்த்தினார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பஸ் நின்றது. எதிரே ஒரு கரும்பு லாரி நின்றது. டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போய், பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டார். பஸ் ஜன்னல் ஒவ்வொன்றிலும் இரண்டு தலை. எந்தக் கோழியும் ஓடவில்லை, பறக்கவில்லை. சேற்றுக் காலோடு, நாடாக்களோடு, முதலாளிகள் மாதிரி நிதானமாக ரோட்டைக் கடந்தன. கடைசியாகச் சாமியார். நடு ரோட்டில் நின்று, லாரியின் முகப்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, ஒரு கூவல் விட்டுவிட்டு வந்தான்.

“யாரு கோழிப்பா இது?” என்று பஸ் டிரைவர் தலையை நீட்டிக் கேட்டார்.

“அதோ முன்னால போறாங்க பாரு,” என்றார் சேகர், இன்னும் கையை இறக்காமல். “அவங்க வளத்தது.”